பிணியாளர் பணிவிடையும் தமிழ்வழித் தொழிற்கல்வியும்

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களிலே நோயாளரையும் முதியோரையும் பேணுதல் தொன்றுதொட்டு வீட்டுக் கடமையாகவே இருந்துவந்தது. அதனை வகுப்பறையிற் கற்பிக்கவேண்டும் என்றோ, கற்றவருக்குச் சான்றிதழ் வழங்கவேண்டும் என்றோ நம் முன்னோர் எண்ணினாரல்லர். மகளும் மருமகளும் செய்தனர், செய்யுந்தோறும் தெரிந்துகொண்டனர். இந்நிலையில், 2017ஆம் ஆண்டு இலங்கையிலே தொடங்கப்பட்ட 13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டத்தின் தொழிற்பாடங்களுள் ‘சுகாதாரமும் சமூகப் பராமரிப்பும்’ என்பதும் ஒன்றாக இடம்பெற்றது. க.பொ.த. சாதாரணதரப் பெறுபேற்றைக் கருதாது மாணவரை உயர்வகுப்பிற் சேர்த்து, ஒரு தொழிலிலே பயிற்றுவிப்பது அத்திட்டத்தின் நோக்கமாகும். “இதிலே படிப்பதற்கு என்ன உண்டு?” என்று பெற்றோர் ஒருவர் வினவின், அவ்வினாவை எள்ளி ஒதுக்குதல் தகாது, விடை கூறுதலே தகும்.

பாரிசவாதத்தினால் ஒருபக்கம் செயலற்றுப் படுக்கையிற் கிடக்கும் முதியவர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவருடைய உறக்கத்தைக் கலைத்தலாகாது என்று மனைவியார் இரவு முழுவதும் அவரை அசைக்காமல் விடுகின்றார். எலும்பு புடைத்து நிற்கும் இடங்களாகிய குதிக்கால், இடுப்பு, முதுகின் அடிப்பகுதி ஆகியவற்றிலே தசையானது எலும்புக்கும் படுக்கைக்கும் இடையில் நசுங்குகின்றது. அவ்விடத்துக்குக் குருதி செல்வது தடைப்படுகின்றது. சில மணித்தியாலங்களிலே தோல் சிவக்கும். சில நாள்களிலே புண்ணாகும். அப்புண் எலும்புவரை ஆழ்ந்து உயிருக்கே இடராவதும் உண்டு. ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நோயாளியைப் பக்கம் மாற்றிக் கிடத்துதல் இதற்குக் கைகண்ட காப்பாகும். மாற்றும்பொழுதும் செயலற்ற கையைப் பிடித்து இழுப்பின் தோள்மூட்டு விலகிவிடும்; படுக்கையில் உரசி இழுப்பின் தோல் கிழியும். நோயாளியின் முழங்காலை மடித்து, தோளிலும் இடுப்பிலும் கைகொடுத்து, உடம்பை ஒன்றாக உருட்டுதல் வேண்டும். தூக்குபவர் முதுகை வளையாது தம் முழங்காலை மடித்துத் தூக்குதல் வேண்டும். இன்றேல் பணிவிடை செய்தவரே அடுத்த நோயாளியாவர்.

கஞ்சி பருக்குதலும் இத்தகையதே. பாரிசவாதத்திலே விழுங்கும் ஆற்றலும் குன்றியிருக்கலாம். மல்லாந்து கிடப்பவரின் வாயில் வார்க்கும் கஞ்சி இரைப்பைக்குச் செல்லாது மூச்சுக்குழாயிற் புகுந்து, நுரையீரலிலே நியுமோனியாவை உண்டாக்கும். நிமிர்த்தி இருத்தி, தலையைச் சிறிது முன்சாய்த்து, ஒருவாய் விழுங்கியபின்னரே மறுவாய் கொடுத்தல் வேண்டும்; உண்டபின்னும் அரைமணி நேரம் கிடத்தலாகாது. நமது சாய்மனைக் கதிரை இளைப்பாறுவதற்கு இனியது. ஆயினும், உண்பிப்பதற்கு உகந்ததன்று. மேற்கூறிய மனைவியாரிடம் அன்புக்குக் குறைவில்லை. தோலுக்கும் தொண்டைக்கும் நேர்வது யாது என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை.

உடம்பைப் பேணுதலினும் கடினமான பகுதி ஒன்று உண்டு. முதியவர் உண்டதை மறந்து மீண்டும் சோறு கேட்பாராயின், மகனைத் தம் தமையன் என்று அழைப்பாராயின், “அறளை பெயர்ந்துவிட்டது” என்று நம்மவர் கூறுவர். அச்சொல்லிற் சிரிப்பும் உண்டு, சலிப்பும் உண்டு, நோய் என்னும் கருத்து மாத்திரம் இல்லை. மூளையின் உயிரணுக்கள் படிப்படியாக அழிவதனால் நேரும் மறதிநோய் அஃது என்று அறிந்தவர், முதியவரோடு வழக்காடமாட்டார். “இப்பொழுதுதானே உண்டீர்கள்” என்று பத்துமுறை மெய்ப்பிக்க முயலமாட்டார். பழைய கதையொன்றைத் தொடங்கி மனத்தை வேறு வழியில் திருப்புவார். நாடோறும் அதே நேரத்தில் அதே ஒழுங்கில் நீராட்டுவார். இரவிலே வெளியே சென்றுவிடாதபடி படலையைக் கவனிப்பார். இவையெல்லாம் கற்றுக்கொள்ளத்தக்கவை; கற்பிக்கவும் தக்கவை.

உடம்பைப் பற்றிய அறிவைத் தமிழிலே தொழிலாகக் கற்பித்தல் இம்மண்ணுக்குப் புதியதன்று. அமெரிக்க மிசனைச் சார்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் அமர்ந்து, நோய் தீர்ப்பதோடு மாணவர்க்கு மருத்துவமும் கற்பிக்கலானார். தொடக்கத்திற் பாடம் ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. ஆங்கிலம் வழியாகப் பயின்றோர் அரசாங்க உத்தியோகத்தையும் நல்ல சம்பளத்தையும் நாடி வெளியூர் செல்வதைக் கிறீன் கண்டார். தமிழிலே பயின்றவரே தம் ஊரில் தம்மவரிடையே தங்குவர் என்பது அவர் கொண்ட துணிபு. அதன்படி 1860களில் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். இரு மொழிகளிலுமாக அவரிடம் பயின்று வெளியேறியோர் அறுபதின்மருக்கு மேற்பட்டவராவர். மாணவர் மேனாட்டு உடையும் நடையும் கொள்வதையும் அவர் விரும்பவில்லை. அவர் வந்தது கிறித்த சமயம் பரப்புதற்கே என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை, அவரும் மறைத்தாரல்லர். அஃது எவ்வாறாயினும், தமிழைத் தொழிற்கல்விக்கு ஆற்றலுள்ள மொழியாக மதித்து அவ்வழி நடந்தவர் என்ற வகையில் அவருக்குரிய மதிப்பைச் சைவர்களாகிய நாம் குறைத்தலாகாது.

பாடம் நடத்துதற்கு நூல் வேண்டுமன்றோ? கிறீனும் அவருடைய மாணாக்கரும் ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கினர். ‘பிரசவ வைத்தியம்’ 1857இலும், ‘இரணவைத்தியம்’ 1867இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும், ‘கெமிஸ்தம்’ 1875இலும் வெளிவந்தன. இப்பெயர்களை உற்றுநோக்குவார்க்கு ஒரு முறை புலப்படும். வழக்கிலுள்ள சொல் கிடைத்தவிடத்து அதனையே கொண்டனர். கிடையாதவிடத்து வடமொழியை நாடினர். அதுவும் இசையாதவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழொலிக்கு இணக்கினர். அக்காலத்துச் ‘சுகரணம்’ இன்று ‘உடற்றொழிலியல்’ ஆயிற்று. ‘கெமிஸ்தம்’ ‘இரசாயனவியல்’ ஆயிற்று. பிந்திய சொற்கள் தெளிவானவை என்பதில் ஐயமில்லை. எனினும், முதலிற் கல்லும் முள்ளும் நீக்கி வழி வெட்டியோர் மானிப்பாயாரே.

அவ்வழி நெடுந்தூரம் செல்லவில்லை. 1870இல் கொழும்பிலே அரசாங்க மருத்துவப் பாடசாலை ஆங்கிலத்தில் நிறுவப்பட்டது. 1873இல் கிறீன் தாய்நாடு திரும்பினார். அங்கிருந்தும் 1884இல் இறக்கும்வரை தமிழ்நூற்பணியைக் கைவிட்டாரல்லர். ஆயினும், தமிழ்வழி வகுப்பு நிலைக்கவில்லை. பட்டமும் பதவியும் ஒரு மொழியில் இருக்க, பாடம் மாத்திரம் வேறொரு மொழியில் இருப்பின் மாணவர் எப்பக்கம் செல்வர் என்பது சொல்லவேண்டியதன்று. 1898இல் இணுவிலிலே பெண்களுக்கென மக்லியொட் வைத்தியசாலை எழுந்ததன்பின் தாதிமாருக்கும் மருத்துவிச்சிகளுக்கும் ஆங்குப் பயிற்சி கிடைத்தது. சைவக் குடும்பத்தார் தம் பெண்மக்களை இத்தொழிலுக்கு அனுப்ப நெடுங்காலம் தயங்கினர். பிறருடைய மலசலத்தைத் தொடுதல் இழிவு என்னும் எண்ணமும், அதன் பின்னின்ற சாதியெண்ணமும் அத்தயக்கத்தின் வேர்கள். திருவீதியிற் புல்செதுக்கிய அப்பர் சுவாமிகளின் உழவாரத்தைக் கைகூப்பி வணங்கும் நாம், நோயாளியின் படுக்கை விரிப்பை மாற்றுபவரை ஒருபடி தாழ்த்தி நோக்குவது விந்தையே.

இத்தயக்கத்தோடு இனியும் காலங்கழிக்க இயலாது. இலங்கையிலே 60 வயதினரும் அதற்கு மேற்பட்டோரும் 1981இல் நூற்றுக்கு ஏழு பேருக்குட்பட்டோராய் இருந்தனர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேலாயினர். யாழ்ப்பாணத்துக்கோ இதன்மேலும் ஒரு சுமை உண்டு. 1983ஆம் ஆண்டின்பின் பிள்ளைகள் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் பெயர்ந்தனர். பெற்றோர் பலர் வீட்டையும் கிணற்றையும் காத்துக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டனர். மகளும் மருமகளும் செய்த கடமை இன்று காசோடு வந்து நிற்கின்றது, கைகளோ வரவில்லை. முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் உண்டு. கைதடியில் முதியோர் இல்லமும் உண்டு. வீட்டிலே தனித்திருப்பவரைப் பக்கம் மாற்றிக் கிடத்துதற்குச் சட்டம் வாராது, ஆள் வேண்டும்.

அந்த ஆளை உருவாக்கும் வழியும் இப்பொழுது வகுக்கப்பட்டுள்ளது. தேசியத் தொழில் தகைமை எனப்படும் ஏழு படிகளைக் கொண்ட ஒழுங்கிலே, பராமரிப்பாளர் தொழிலுக்கு மூன்றாம், நான்காம் படிகளிற் சான்றிதழ் பெறலாம். எழுத்துப் பரீட்சையினும் கைத்திறனே இங்கு முதன்மையாகச் சோதிக்கப்படும். ஆனால், இச்சான்றிதழை நாடுவோருட் பலருடைய நோக்கு இஸ்ரேலையும் ஜப்பானையும் சார்ந்தது. கிறீன் கண்ட அதே சிக்கல் வேறு உருவத்தில் வந்திருக்கின்றது. வெளிநாடு செல்வோரைக் குறைகூற நான் உடன்படேன். அங்கே கிடைக்கும் சம்பளத்தையும் இங்கே கிடைப்பதையும் ஒப்பிட்டோர் குறைகூறார். தமிழிலே கற்பித்தால் எவரும் புறப்படார் என்று நம்புதலும் இக்காலத்துக்குப் பொருந்தாது. தமிழ்வழிப் பயிற்சிக்கு இன்று வேறொரு நியாயம் உண்டு: பராமரிக்கப்படுபவர் பேசுவது தமிழ். “நாரி பிடிக்குது”, “தலை அம்மலாய்க் கிடக்குது”, “நெஞ்சு பதைக்குது” என்று அவர் கூறுவதைப் பிரித்தறிந்து தாதிக்கோ வைத்தியருக்கோ எடுத்துரைத்தல் பராமரிப்பாளரின் கடமை.

உளநலத்துறை இதனை முன்னரே உணர்ந்தது. 1987இல் யாழ்ப்பாணத்திலே தோன்றிய சாந்திகம் நிறுவனமும், பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் முதலியோரும், போரினாற் புண்பட்டவர்க்கு உதவுதற்கு ஊர்தோறும் பணியாளரைத் தமிழிலே பயிற்றினர். ‘உளவளத்துணை’, ‘நெருக்கீடு’ முதலிய சொற்கள் அப்பணியினூடே ஊர்வழக்கில் வேரூன்றின. பராமரிப்புத் துறைக்கு அத்தகைய சொல்லாட்சி இன்னும் முழுமையாக அமையவில்லை. நோயாளியின் படுக்கையருகே வைக்கும் நாட்குறிப்பிலே, எத்தனை மணிக்குப் பக்கம் மாற்றப்பட்டது, எவ்வளவு நீர் அருந்தினார், தோலில் எவ்விடம் சிவந்துள்ளது என்பவற்றை வீட்டாரும் தாதியும் ஒருங்கே வாசிக்கத்தக்க தமிழில் எழுதும் முறையொன்றை நமது ஆசிரியர்கள் வகுத்துக் கொடுக்கலாம். இரண்டு பக்கத்துக்கு மேற்படாத ஒரு படிவம் அதற்குப் போதும்.