பீஸ் கோர் உறுதிமொழி ஏற்பு விழா

பீஸ் கோர் உறுதிமொழி ஏற்பு விழா என்பது, ஐக்கிய அமெரிக்காவின் பீஸ் கோர் என்னும் தொண்டர் அமைப்பின் பயிலுநர்கள், தாம் பணிபுரியவுள்ள நாட்டில் மொழிப் பயிற்சியையும் பிற பயிற்சிகளையும் முடித்துத் தொண்டர்களாகப் பொறுப்பேற்கும் நிகழ்வு ஆகும். பயிலுநர்கள் புதிதாகக் கற்ற மொழியில் உரையாற்றுவதும், பாடுவதும், ஆடுவதும் பல நாடுகளில் இவ்விழாவின் வழக்கமாக உள்ளன.

பின்னணி

பீஸ் கோர் 1961 மார்ச் 1 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் எஃப். கென்னடியின் ஆணையால் உருவாக்கப்பட்டது. இதன் பெயருக்கு "அமைதிப் படை" என்பது பொருள் எனினும், இது இராணுவ அமைப்பு அன்று. தொண்டர்கள் கல்வி, நலவாழ்வு, வேளாண்மை முதலிய துறைகளில் பொதுவாக 2 ஆண்டுகள் பணிபுரிவர். அதற்கு முன் ஏறத்தாழ 3 மாதங்கள் பயிற்சி பெறுவர்.

தொடக்கக் காலத்தில் பயிற்சி பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அளிக்கப்பட்டது. பின்னர் பணிபுரியும் நாட்டிலேயே அளிக்கப்படலாயிற்று. எனினும், கற்ற மொழியில் பாடிக்காட்டும் வழக்கம் முதற் குழுவிலேயே காணப்படுகிறது. 1961 ஆகஸ்ட் 30 அன்று கானாவின் தலைநகர் அக்ராவில் வந்திறங்கிய தொண்டர்கள், விமான நிலையத்திலேயே துவி மொழியில் பாடினர். அவர்கள் பாடியது, "இது எங்கள் சொந்த நிலம்" என்னும் பொருளுடைய தலைப்பைக் கொண்ட, கானா இசையமைப்பாளர் எஃப்ரேம் அமு இயற்றிய நாட்டுப்பற்றுப் பாடலாகும்.

மொழிப் பயிற்சி

பயிலுநர்கள் பொதுவாக உள்ளூர்க் குடும்பங்களுடன் தங்குவர். பகலில் சிறு குழுக்களாக உள்ளூர் ஆசிரியர்களிடம் மொழி கற்பர். மாலையில் அதே மொழியில் உண்ணவும், கடைக்குச் செல்லவும், குழந்தைகளுடன் பேசவும் வேண்டியிருக்கும். இதனால் வகுப்பில் கற்றது அன்றே பயன்பாட்டுக்கு வருகிறது. பயிற்சியின் இறுதியில் நேர்முக உரையாடல் வாயிலாகப் பேச்சுத் திறன் மதிப்பிடப்படுகிறது.

விழா நிகழ்வுகள்

விழாவில் அமெரிக்கத் தூதர் அல்லது அவரது பிரதிநிதி, அந்நாட்டு அரசு அலுவலர்கள், மொழி ஆசிரியர்கள், விருந்தோம்பிய குடும்பத்தினர் முதலியோர் கலந்துகொள்வர். உறுதிமொழி ஆங்கிலத்தில் எடுக்கப்படுகிறது. அதையடுத்தோ அதற்கு முன்போ, பயிலுநர்களின் சார்பில் சிலர் உள்ளூர் மொழியில் நன்றியுரை ஆற்றுவர். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் உள்ளூர்த் துணியில் தைத்த ஆடைகளை அணிந்து மேடையேறுவது பரவலான வழக்கம்.

பல மொழிகள் பேசப்படும் நாடுகளில், பயிலுநர்கள் அவரவர் செல்லும் வட்டாரத்தின் மொழியைக் கற்பதால், உரைகளும் பல மொழிகளில் அமைகின்றன. எடுத்துக்காட்டாக, செனகலின் ஆட்சிமொழி பிரெஞ்சு ஆகும். ஆயினும் அங்கு நடைபெறும் விழாவில் வொலோஃப், புலார், மண்டிங்கா முதலிய மொழிகளிலும் உரைகள் நிகழ்த்தப்படுகின்றன.

முக்கியத்துவம்

மனனம் செய்த உரையோ பாடலோ உரையாடும் திறனுக்குச் சான்றாகாது. திறனை அளப்பதற்கு நேர்முகத் தேர்வு தனியே உள்ளது. மேடை நிகழ்ச்சியின் நோக்கம் வேறு. தேர்வில் கேட்பவர் ஒரு மதிப்பீட்டாளர். விழாவில் கேட்போர் அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட மக்கள். மூன்று மாதங்களுக்கு முன் தண்ணீர் கேட்கவும் சைகை செய்தவர், தமக்கு உணவளித்த குடும்பத்திற்கு அவர்களது மொழியிலேயே பலர் முன் நன்றி கூறுகிறார். உச்சரிப்பில் பிழை நேரினும் அந்த நன்றி அவர்களுக்கு நேரடியாகச் சென்றடைகிறது.

விழாவுக்குப் பின் தொண்டர்கள் தத்தம் பணியிடங்களுக்குப் பிரிந்து செல்வர். பலர் தனியாகவே ஒரு கிராமத்தில் குடியேறுவர். அங்குத் திருத்துவதற்கு ஆசிரியரோ, மொழிபெயர்ப்பதற்குச் சக பயிலுநரோ உடனிருப்பதில்லை. ஆகவே இவ்விழா மொழிக் கல்வியின் முடிவு அன்று. துணையின்றி அம்மொழியில் வாழத் தொடங்குவதற்கு முந்தைய கட்டமேயாகும்.

இடைநிறுத்தமும் மீள்தொடக்கமும்

கொரோனா பெருந்தொற்றின் காரணமாக 2020 மார்ச்சில் உலகெங்கும் இருந்த தொண்டர்கள் அனைவரும் திருப்பி அழைக்கப்பட்டனர். 2022 மார்ச்சில் சாம்பியா, டொமினிக்கன் குடியரசு ஆகிய நாடுகளுக்குத் தொண்டர்கள் மீண்டும் அனுப்பப்பட்டனர்.