துணித்துண்டுகளால் ஒரு சிறு ஓவியம்

புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்கியபின் எதை உண்பது, எப்போது ஓய்வெடுப்பது, எந்நாளில் மருந்து ஏற்றுவது என அனைத்தையும் பிறரே முடிவு செய்கின்றனர். நோயாளி தாமே முடிவு செய்ய ஏதேனும் ஒன்று வேண்டும். ஆகவே, துணித்துண்டுகளை ஒட்டி வண்ணம் தீட்டும் சிறு ஓவியத்தை நாங்கள் பரிந்துரைக்கிறோம்.

பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் நெசவுத்தொழில் மிகுந்த ஊரில் வளர்ந்தவர். 1941இல், தமது 71ஆம் வயதில், குடல் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை பெற்றார். அதன்பின் நின்று தீட்டுவது அரிதாயிற்று. படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தவாறே வண்ணத்தாள்களைக் கத்தரித்தார். உதவியாளர்கள் அவர் காட்டிய இடத்தில் அவற்றைப் பொருத்தினர். இம்முறையில் உருவான ‘ஜாஸ்’ என்னும் நூல் 1947இல் வெளிவந்தது. கலை அவரது நோயைத் தீர்க்கவில்லை. ஆயினும் 1954இல் மறையும்வரை அவர் கலைஞராகவே வாழ்ந்தார்.

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. எருமப்பட்டித் தையற்கடைகளில் கழிக்கப்படும் துண்டுகள், பழைய லுங்கி, சேலையின் கரை ஆகியவை போதும். அவற்றைச் சோப்பிட்டுத் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். பழைய திருமண அழைப்பிதழின் வெற்றுப் பக்கத்தில் நீர்வண்ணம் பூசி, காய்ந்தபின் துண்டுகளை அடுக்கிப் பார்த்து ஒட்டுங்கள். இடைவெளிகளில் மீண்டும் வண்ணமோ நூலோ சேர்க்கலாம். மரம், முகம் என எவ்வுருவமும் தேவையில்லை; எனவே கை நடுங்கினாலும் பிழையென்று ஒன்றில்லை.

சில எச்சரிக்கைகள் அவசியம். மருந்தின் விளைவாக விரல் மரத்திருந்தால் வெட்டுக்காயம் உடனே தெரியாது. தட்டணுக்கள் குறைந்திருந்தால் இரத்தம் எளிதில் நிற்காது. இவ்விரு நிலைகளிலும் கத்தரிக்கோலையும் ஊசியையும் உடனிருப்பவரே கையாள வேண்டும். வீட்டில் காய்ச்சிய மைதாப்பசையில் பூஞ்சை பிடிக்கக்கூடும். கடையில் விற்கும் வெள்ளைப்பசையே நன்று. சோர்வு தோன்றினால் நிறுத்திவிடுங்கள். உடல் வெப்பம் 100.4 பாரன்ஹீட்டை எட்டினால், அனைத்தையும் ஒதுக்கிவிட்டு உடனே மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள்.

உடனிருப்போருக்கு ஒரு வேண்டுகோள்: நீங்கள் வெட்டிக் கொடுக்கலாம், பசை தடவலாம்; ஆனால் எந்நிறம், எவ்விடம் என்பதை அவரே சொல்லட்டும். விடை வரத் தாமதமானாலும் காத்திருங்கள். “இங்கே பச்சை வைத்தால் அழகாக இருக்குமே” என்று நீங்கள் முந்திக்கொண்டால், அவருக்கென இருந்த முடிவும் உங்களுடையதாகிவிடும்.

முடித்த ஓவியத்தைக் கட்டிலிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் மாட்டுங்கள். எவ்விடம் என்பதையும் அவரிடமே கேளுங்கள்.