மரவுரியும் ஒளிரும் பாசியும்



மரவுரி என்றதும் காட்டில் தவமிருந்தோரின் உடையே நம் நினைவுக்கு வரும். பசிபிக் பெருங்கடலின் பாலினேசியத் தீவுகளிலோ அது இல்லத்தின் செல்வம். டோங்காவில் ‘ங்காட்டு’ என்றும், சமோவாவில் ‘சியாப்போ’ என்றும், ஹவாயில் ‘காப்பா’ என்றும் அதனை அழைப்பர்.

அது உருவாகும் விதத்தைக் கேளுங்கள். முசுக்கட்டைக் குடும்பத்தைச் சேர்ந்த ‘காகித மல்பெரி’ மரத்தின் இளந்தண்டை வெட்டி, பட்டையை உரித்து, உட்பட்டையைத் தனியே பிரிப்பர். அதை ஊறவைத்து, மரக்கட்டையின் மீது விரித்துக் கொட்டாப்புளியால் தட்டத் தட்ட, அகன்று மெல்லிய துணியாகும். துண்டுகளைப் பசையால் இணைத்து இயற்கைச் சாயம் பூசுவர். டோங்காவில் பெண்கள் கூடியமர்ந்து பல மீட்டர் நீளத்திற்குச் செய்யும் இத்துணி, திருமண வீட்டிலும் இறப்பு வீட்டிலும் மரியாதைப் பொருளாகக் கைமாறுகின்றது.

இம்மரம் அத்தீவுகளில் தானாக முளைத்ததன்று. அதன் மூலம் தைவான் என்பதை 2015ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வு காட்டிற்று. பண்டைய கடலோடிகள் கொண்டுசென்று பரப்பியவை பெரும்பாலும் பெண் மரங்கள். ஆதலால் விதையால் பெருக வழியில்லை. வேர்க்கன்றைப் பெயர்த்து நட ஒரு கை வேண்டும். கலையும் அவ்வாறே. ஆலைத் துணி வந்தபின் ஹவாயில் மரவுரிக் கலை 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. 1970களில் ஆர்வலர் சிலர், அருங்காட்சியகங்களில் இருந்த பழந்துணிகளை ஆராய்ந்து அதனை மீட்டனர்.

இனிக் கடலுக்குள் வாருங்கள். ‘பைரோசிஸ்டிஸ் லூனுலா’ என்பது பிறை வடிவ நுண்பாசி. பகலில் ஒளியைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும். இரவில் நீர் அசைந்தால், அதனுள் இருக்கும் லூசிபெரின் என்னும் பொருள் ஆக்சிஜனோடு வினைபுரிந்து, நொடிக்கும் குறைந்த நேரம் நீல ஒளி தெறிக்கும். 2025 ஜூலையில் பாரிஸில், டச்சு நாட்டு வடிவமைப்பாளர் ஐரிஸ் வான் ஹெர்பன், கிறிஸ் பெல்லமி என்பவருடன் இணைந்து, இத்தகைய 12.5 கோடி பாசிகள் உயிரோடு வாழும் ஓர் ஆடையை அரங்கேற்றினார். அணிந்தவர் அசையுந்தோறும் ஆடை ஒளிர்ந்தது!

இவ்விரண்டும் ஒரே துணியில் சேருமா? எளிதன்று. பாசிக்கு ஈரம் வேண்டும்; மரவுரியோ நனைந்தால் வலுவிழக்கும். ஆகவே பாசியை ஊட்டமுள்ள கூழில் இட்டு, ஒளி புகும் மெல்லிய உறைக்குள் அடைத்தே துணியோடு பிணைக்க இயலும். அதன் பின்னும் பகல் வெளிச்சமும், இரவின் இருளும், அளவான வெப்பமும் நாள்தோறும் தரவேண்டும். வாங்கிப் பெட்டியில் பூட்டிவைத்தால் ஒளி அணைந்துவிடும்.

எண்ணிப் பாருங்கள்! வளர்ப்பவர் இன்றி வாழாத மரம். பேணுபவர் இன்றி ஒளிராத பாசி. இவ்விரண்டையும் இணைக்க விழைவோர், தீவுப் பெண்களின் கோலங்களை அலங்காரமாக மட்டும் எடுத்துச் செல்வது முறையாகாது. அவர்களைக் கூட்டாளிகளாக அமர்த்தி, பெயரிலும் வருவாயிலும் பங்களித்தல் வேண்டும். அன்றேல், புதிய ஒளியைக் கண்டு உலகம் வியந்துகொண்டிருக்கையிலேயே, அடுத்த கன்றை நடும் கை அத்தீவில் இல்லாமற் போய்விடும்.