சிறிய நாய்களின் கழுத்தெலும்பு விலகல்: அறுவை சிகிச்சை என்ன செய்கிறது?

நாயின் கழுத்தில் ஏழு எலும்புகள் உண்டு. மண்டையோட்டைத் தாங்கும் முதல் எலும்பு அட்லஸ், அடுத்தது ஆக்ஸிஸ். மற்ற கழுத்தெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு இந்த இரண்டுக்கும் இடையே கிடையாது. தலையை இருபுறமும் திருப்புவதற்கென்றே அமைந்த மூட்டு இது. ஆக்ஸிஸின் முன்முனையிலிருந்து பல் வடிவ முளை ஒன்று நீண்டு அட்லஸின் வளையத்துக்குள் நுழைந்திருக்கும். தசைநார்கள் அதை இறுக்கிப் பிடித்திருக்கும்.

யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா, பொமரேனியன், டாய் பூடில், மால்டீஸ் போன்ற சிற்றினங்களில் சில நாய்களுக்கு இந்த முளை பிறவியிலேயே இல்லாமலோ, குட்டையாகவோ, வளைந்தோ இருக்கும். முளை சரியாக இருந்தும் தசைநார் இல்லாத நாய்களும் உண்டு. இப்படிப்பட்ட நாய் தலை குனியும்போது ஆக்ஸிஸ் மேலெழும்பித் தண்டுவடத்தை நசுக்குகிறது. நாய்களில் இந்தக் கோளாறு 1967-ல் மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டது.

பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் அறிகுறி தெரிந்துவிடும். சோபாவிலிருந்து குதித்தது போன்ற சின்ன அதிர்வே போதும். கழுத்தைத் தொட்டால் கத்துவது, தலையை நிமிர்த்தாமல் விறைப்பாக வைத்திருப்பது, தள்ளாடுவது, நான்கு கால்களும் வலுவிழப்பது என்று அது முற்றும். மூச்சுத் தசைகளுக்கான கட்டளைகளும் தண்டுவடத்தின் இந்தப் பகுதி வழியாகவே இறங்குவதால், அழுத்தம் கடுமையானால் மூச்சே நின்றுவிடலாம்.

பக்கவாட்டு எக்ஸ்ரேயில் அட்லஸின் மேல்வளைவுக்கும் ஆக்ஸிஸின் மேல்முகட்டுக்கும் இடையே இடைவெளி அகன்று தெரியும். படத்துக்காகக் கழுத்தை வளைப்பது ஆபத்து. மயக்க மருந்து கொடுத்தபின் காவலாக நின்ற தசைகளும் தளர்ந்துவிடுவதால் அப்போது இன்னும் கவனம் வேண்டும். எலும்பின் வடிவத்தை சி.டி. ஸ்கேனும், தண்டுவடத்தின் நிலையை எம்.ஆர்.ஐ.யும் காட்டும்.

அறிகுறி லேசாக இருந்தாலோ, எலும்பு முதிராத குட்டியாக இருந்தாலோ, தலையிலிருந்து மார்பு வரை கட்டுப்போட்டுப் பல வாரங்கள் கூண்டில் அசையாமல் வைப்பதுண்டு. சில நாய்கள் இதிலேயே தேறுகின்றன. ஆனால் கட்டுக்குள் தோல் புண்ணாகும், காதில் சீழ் பிடிக்கும். கட்டை அவிழ்த்தபின் மூட்டு மறுபடி விலகவும் கூடும்.

அறுவையில் பழைய வழி முதுகுப்புறமாகச் செல்வது. அட்லஸின் வளைவையும் ஆக்ஸிஸின் முகட்டையும் கம்பியாலோ வலுவான நூலாலோ சேர்த்துக் கட்டுவார்கள். மூட்டு எலும்பாக ஒட்டாததால் பாரம் முழுவதும் அந்தக் கட்டின் மேலேயே விழுகிறது. கம்பி அறுந்துபோகலாம், மெல்லிய எலும்பை அறுத்துக்கொண்டு வெளியேறலாம். கம்பியை நுழைக்கும்போதே தண்டுவடம் காயப்படவும் கூடும்.

இந்தக் குறைகளால்தான் இன்று பலரும் தொண்டைப்புற வழியைத் தேர்கிறார்கள்; அது நியாயமான தேர்வே. நாயை மல்லாக்கப் படுக்கவைத்து, மூச்சுக்குழாய், உணவுக்குழாய், குரல்வளை நரம்பு ஆகியவற்றை மெல்ல ஒதுக்கி மூட்டை அடைகிறார்கள். விலகிய எலும்பை நேராக்கி, மூட்டின் குருத்தெலும்பைச் சுரண்டியெடுத்து, முன்னங்காலின் மேலெலும்பிலிருந்து எடுத்த பஞ்செலும்பை அங்கே நிரப்புகிறார்கள். இரண்டு எலும்புகளும் ஒன்றாக வளர்ந்து ஒட்டவேண்டும் என்பதே நோக்கம். திருகாணியும் ஊசிக்கம்பியும் அதுவரை பிடித்திருப்பதற்குத்தான். இரண்டு கிலோகூட இல்லாத நாயில் 1.5 மி.மீ. திருகாணிக்கே இடம் நெருக்கடி. சற்று விலகினாலும் தண்டுவடத்தில் இறங்கிவிடும். அதனால் ஒவ்வோர் எலும்பிலும் பல சிறு திருகாணிகளைப் பொருத்தி, அவற்றின் தலைகளை எலும்புச் சிமென்ட்டால் பிணைக்கும் முறை பரவியது. சிமென்ட் இறுகும்போது சூடாகும் என்பதால் உப்புநீர் ஊற்றிக் குளிர்விப்பார்கள். சி.டி. படத்தைக் கொண்டு அந்தந்த நாய்க்கென முப்பரிமாண அச்சில் செய்த துளை வழிகாட்டிகளும் இப்போது உதவுகின்றன.

பெரும்பாலான நாய்கள் இந்தச் சிகிச்சையில் தேறுகின்றன. ஆயினும் அறுவையின்போதோ அடுத்த சில நாட்களிலோ மூச்சு நின்றும், உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா கண்டும் இறக்கும் நாய்களும் உண்டு. உரிமையாளரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். 2000-ல் வெளியான 46 நாய்கள் பற்றிய ஆய்வில், இரண்டு வயதுக்குள் அறிகுறி தோன்றிய நாய்களும் நீண்ட காலம் தள்ளிப்போடாமல் சிகிச்சை பெற்றவையும் நன்றாகத் தேறின.

வீடு திரும்பிய நாய்க்கு ஓட்டமும் குதியலும் கூடாது. சில வாரங்கள் கூண்டு ஓய்வு தேவை. கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்புப்பட்டைதான் போடவேண்டும். எலும்பு ஒட்டியதா, திருகாணி தளர்ந்ததா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். தொந்தரவு தராதவரை உள்ளே வைத்த உலோகத்தை எடுப்பதில்லை. பிறவிக் குறை என்பதால் இந்த நாய்களை இனப்பெருக்கத்துக்கு விடக்கூடாது.