அறியப்படாதவர் பொய்யர் அல்லர்: கடன் அட்டையும் நாணயமும்

ஐம்பது வயதைக் கடந்த ஒருவரிடம் "உம்மை நம்புவதற்கில்லை" என்று எவரேனும் கூறிவிட்டால் அந்தப் புண் எளிதில் ஆறுவதில்லை. கடந்த ஆண்டு அப்படியொரு சொல் நம் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வந்து சேர்ந்தது. பெய்ரூத்தில் அச்சாகும் சில அரபு நூல்களை வரவழைக்கும் பொருட்டு வங்கியொன்றில் கடன் அட்டைக்கு விண்ணப்பித்திருந்தோம். கெடு நாளுக்குள் முழுத் தொகையையும் கட்டிவிட்டால் வட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை என்று வங்கியிலிருந்து வந்த இளைஞர் உறுதியளித்தார். சில நாள்களில், உள்விதிகளின்படி விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்ற ஒற்றை வரி வந்தது. காரணம் எதுவும் கூறப்படவில்லை.

மளிகைக் கடையிலும் புத்தகக் கடையிலும் ஒரு ரூபாய் பாக்கி வைத்தறியாத நமக்கு இது பெரும் அவமானமாகவே தோன்றியது. அன்றிரவே வேறு இரண்டு வங்கிகளில் விண்ணப்பித்து நம் தகுதியை நிலைநாட்டிவிட வேண்டும் என்ற வேகம் எழுந்தது. நம்மிடம் ஓதிய பழைய மாணவர் ஒருவர் இப்போது வாணியம்பாடியில் புளி, சாமை மொத்த வணிகம் செய்கிறார். அவர்தாம் நம்மைத் தடுத்தார். "ஹஜ்ரத், கோபத்தில் விண்ணப்பம் போடாதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் ஒரு தடயமாகப் பதிவாகும். அவசரக்காரர் என்று அடுத்த வங்கி எண்ணிக்கொள்ளும்" என்றார். மாணவர் கூறியது உண்மையே என்பதைப் பின்னர் அறிந்துகொண்டோம். அந்த அறிதலின் பயனே இக்கட்டுரை.

சொல்லின் வேர்

கடன் அட்டையை அரபியில் 'பிதாகத்துல் இஃதிமான்' என்பர். இஃதிமான் என்பது 'அமானத்' பிறந்த அதே வேரிலிருந்து வந்த சொல். ஒருவரை நம்பி ஒப்படைத்தல் என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் கடனைக் குறிக்கும் 'கிரெடிட்' என்ற சொல்லும் நம்புதல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்ததே. நம் தமிழிலோ 'நாணயம்' என்ற ஒரே சொல் காசையும் குறிக்கிறது, சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கிறது. மூன்று மொழிகளும் பணத்தையும் நம்பிக்கையையும் ஒரே முடிச்சில் கட்டி வைத்திருக்கின்றன. கடன் மறுக்கப்படும்போது நாணயமே மறுக்கப்பட்டதாக உள்ளம் கொதிப்பதற்கு இதுவே காரணம்.

ஆயினும் வங்கி அளப்பது இந்த நாணயத்தை அன்று. அது எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டால் கோபத்தில் பாதி தணிந்துவிடும்.

மதிப்பெண்ணின் கணக்கு

இந்தியாவில் கடன் தகவல்களைத் திரட்டும் முதல் நிறுவனமாகிய சிபில் 2000ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. 2005இல் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற நான்கு நிறுவனங்கள் இப்பணியைச் செய்கின்றன. யார் எவ்வளவு கடன் வாங்கினார், தவணையை எந்நாளில் செலுத்தினார், எத்தனை இடங்களில் கடன் கேட்டார் என்பனவற்றை வங்கிகள் இவற்றுக்கு அனுப்புகின்றன. அவற்றிலிருந்து 300 முதல் 900 வரையிலான மதிப்பெண் கணிக்கப்படுகிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வாழ்நாளில் கடனே வாங்காதவருக்கு 900 கிடைக்கும் என்று நாம் எண்ணியிருந்தோம். அவருக்கு மதிப்பெண்ணே கிடையாது. வரலாறு இல்லை என்று பொருள்படும் ஒரு குறியீடு மட்டுமே அவர் பெயருக்கு எதிரில் நிற்கும். 2017 முதல் ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நிறுவனத்திடமிருந்தும் முழு அறிக்கையைக் கட்டணமின்றிப் பெறலாம். நாமும் பெற்றுப் பார்த்தோம். முப்பது ஆண்டு ஆசிரியப் பணிக்குப் பின் அதில் நம்மைப் பற்றி எழுதப்பட்டிருந்தது ஒன்றுமில்லை.

மஜ்ஹூல் என்னும் நிலை

அந்த வெற்று அறிக்கையைக் கண்டபோது, ஆண்டுதோறும் நாம் மாணவர்க்கு நடத்தும் பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. ஹதீஸ் அறிவிப்பாளர்களை எடைபோடும் 'ஜர்ஹு தஃதீல்' கலையில், பொய்யர் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர் ஒருவகை. நினைவாற்றல் குன்றிய பலவீனர் இன்னொரு வகை. 'மஜ்ஹூல்', அதாவது அறியப்படாதவர், முற்றிலும் வேறொரு வகை. ஹிஜ்ரி 643இல் மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் தம் 'முகத்திமா'வில் அறியப்படாமையையும் மூன்றாகப் பிரிக்கிறார். அகமும் புறமும் தெரியாதவர், புறம் தெரிந்து அகம் தெரியாதவர், ஆளே இன்னாரென்று தெரியாதவர் என்பன அவை. அறியப்படாதவரின் அறிவிப்பைத் தனித்து ஏற்பதற்குத் தயங்கிய அறிஞர்கள் அவரைப் பொய்யர் பட்டியலில் சேர்த்துவிடவில்லை. தீர்ப்பை நிறுத்தி வைப்பது வேறு, தண்டிப்பது வேறு.

இன்னொன்றையும் அவர்கள் வலியுறுத்தினர். ஒருவரை நல்லவர் என்று கூறக் காரணம் வேண்டியதில்லை. குறை கூறுவதாயின் காரணத்தை விளக்கியாக வேண்டும். ஏனெனில் ஒருவருக்குக் குறையாகப் படுவது உண்மையில் குறையாக இல்லாமற் போகலாம். ஒருவரின் ஹதீஸை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று இமாம் ஷுஃபாவிடம் வினவப்பட்டபோது, அவர் மட்டக் குதிரையை விரட்டி ஓட்டியதைக் கண்டதாகக் காரணம் சொன்னாராம். காரணத்தைக் கேட்டதனால்தான் அக்காரணம் போதாது என்று பின்வந்தோர் அறிந்தனர்.

ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட கடன் அட்டை நெறிமுறைகளும் இதையொத்த ஒரு கடமையை விதித்தன. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் அதற்கான குறிப்பிட்ட காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பதே அது. இதைச் சுட்டி நாம் மடல் எழுதிய பின்னர், கடன் வரலாறு இல்லை என்ற விளக்கம் வந்தது. ஆக வங்கி நம்மைப் பொய்யர் என்று கூறவில்லை. மஜ்ஹூல் என்றே கூறியிருக்கிறது. அட்டை தருவதும் மறுப்பதும் வங்கியின் வணிக முடிவு. அதை நாம் வற்புறுத்த இயலாது. காரணத்தைக் கேட்டுப் பெறலாம். அறிக்கையில் பிழை இருப்பின் திருத்தக் கோரலாம். 30 நாள்களுக்குள் தீர்வு கிடைக்காவிடில் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. பிறருடைய கடனுக்குப் பிணை நின்றிருந்தால் அதுவும் நம் அறிக்கையில் ஏறும். அவர் தவணை தவறினால் அக்கறை நம்மீதும் படியும். உறவினருக்காகக் கண்ணை மூடிக் கையெழுத்திடுவோர் இதை மனத்திற்கொள்வது நலம்.

முகவரி என்னும் குற்றம்

எல்லா மறுப்பும் இவ்வளவு குற்றமற்றது என்று கூறுவதற்கில்லை. 2006 நவம்பரில் அளிக்கப்பட்ட சச்சார் குழுவின் அறிக்கை, சில வங்கிகள் குறிப்பிட்ட பகுதிகளை எதிர்மறை வட்டாரங்களாக ஒதுக்கி, அங்கு வாழ்வோர்க்குக் கடனும் பிற வசதிகளும் எளிதில் கிட்டாதவாறு செய்துவரும் வழக்கத்தைச் சுட்டிக்காட்டியது. ஒருவர் எப்படிப்பட்டவர் என்று பாராது, எத்தெருவில் வாழ்கிறார் என்று மட்டும் பார்த்து விலக்குவது அறியப்படாமை ஆகாது. அறிய மறுத்தல் ஆகும். மட்டக் குதிரையைக் குற்றமாக்கியதைவிட இது கொடிது.

அட்டை பற்றிய மார்க்கத் தீர்வு

மறுக்கப்பட்ட பொருள் விரும்பத்தக்கதுதானா என்று நாம் நம்மையே கேட்டுக்கொண்டோம். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி 2000ஆம் ஆண்டு ரியாதில் கூடியபோது, கணக்கில் பணமின்றிக் கடனாக வழங்கப்படும் அட்டையில் வட்டி நிபந்தனை இருக்குமாயின், கெடுவுக்குள் கட்டிவிடும் எண்ணம் உடையவருக்கும் அது ஆகுமானதன்று எனத் தீர்மானித்தது. செய்த பணிக்கான நிலையான கட்டணத்தை மட்டும் அனுமதித்தது. கெடுவுக்குள் கட்டுவோருக்குச் சலுகை காட்டும் அறிஞர்களும் உளர். நாம் அச்சலுகையைப் பற்றிக்கொண்டே விண்ணப்பித்தோம் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. கணக்கிலுள்ள பணத்தைச் செலவிடும் பற்று அட்டை கையிலிருக்க, இந்த நூல்களுக்குக் கடன் அட்டை தேவையே இல்லை என்பதும் பிறகுதான் உறைத்தது.

உலகியல் கணக்கும் இதையே கூறுகிறது. பல அட்டைகளில் மாத வட்டி 3 முதல் 3.75 விழுக்காடு வரை செல்கிறது. ஆண்டுக்கு அது 40 விழுக்காட்டைத் தாண்டும். ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேற்பட்ட அட்டை வட்டி முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் கூறியிருந்தது. அதனை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. 'குறைந்தபட்சத் தொகை' என்று அச்சிட்டுள்ளதை மட்டும் கட்டிவருபவர், முதலைத் தொடாமல் வட்டியையே சுமந்துகொண்டிருப்பார்.

மலையில் கற்றது

இதற்குள் நம் மாணவர் சரக்குப் பிடிக்க ஜவ்வாது மலைக்குப் புறப்பட்டார். மனம் ஆறட்டும் என்று நம்மையும் அழைத்துச் சென்றார். ஆலங்காயத்தைக் கடந்து, வைணு பாப்பு வானாய்வகம் உள்ள காவலூர் வழியாக ஜமுனாமரத்தூரை அடைந்தோம். மலைக்கும் பாலாற்றங்கரை முஸ்லிம் ஊர்களுக்கும் உள்ள தொடர்பு பழையது. குரோமிய உப்பு வருவதற்கு முன் தோலைப் பதப்படுத்தியவை ஆவாரம்பட்டையும் கடுக்காயும் அல்லவா! மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் இன்றும் சாமை விதைக்கின்றனர். புளியும் தேனும் கடுக்காயும் சேகரிக்கின்றனர்.

எடை முடிந்து பணம் கைமாறும்போது முதியவர் ஒருவர் நம்மை உற்றுப் பார்த்தார். "பாய், நீங்க கீழே பள்ளிவாசல்ல கணக்குப் பார்க்கிறவர்தானே?" என்றார். நமக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மூன்றாண்டுகளுக்கு முன் மனைவியின் மருத்துவத்திற்காக நம் மஹல்லாவின் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் கேட்டு வந்தவர் அவர். அடகு வைக்க நகை இருக்கிறதா, உம்மை அறிந்தவர் யார் என்று கேட்டோம். நகை இல்லை, அறிந்தவர் பெயரைச் சொல்லவும் அவருக்குத் தெரியவில்லை. நம் விதிகளின்படி இயலாது என்று கூறி அனுப்பிவிட்டோம். காரணத்தையேனும் கூறினோமே என்று தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. அந்த விதியை எழுதியவர்களுள் நாமும் ஒருவர்.

அவர் சினம் கொள்ளவில்லை. பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். அடுத்த ஆண்டுப் புளியை முன்கூட்டியே ஒருவருக்குக் குறைந்த விலைக்கு எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கியதாகக் கூறினார். அதற்கு மேல் அவர் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை.

மறுக்கப்பட்டவர் எங்கே போகிறார் என்பதே உண்மையான வினா. நமக்கு மறுத்ததால் சில நூல்கள் தாமதமாயின, அவ்வளவே. மலையில் வாழ்பவருக்கு மறுக்கப்பட்டால் முன்பணத்தோடு காத்திருக்கும் இடைத்தரகர் உண்டு. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறப்பட்டு 20 தமிழ்த் தொழிலாளர்கள் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஜவ்வாது மலைப் பகுதியைச் சேர்ந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். வறுமையையும் தரகர்களின் பணத்தையும் ஒதுக்கிவிட்டு அவர்கள் அங்குச் சென்றதை விளங்கிக்கொள்ள இயலாது.

அழகிய கடன்

அரபியில் கடனைக் குறிக்கும் 'கர்ள்' என்ற சொல்லின் வேர்ப்பொருள் வெட்டுதல். கத்தரிக்கோலின் பெயரும் அவ்வேரிலிருந்தே வருகிறது. கொடுப்பவர் தம் செல்வத்தில் ஒரு துண்டை வெட்டித் தருகிறார். வலிக்காமல் தருவது கர்ள் ஆகாது. ஆபத்தே இல்லாமல் தருவதற்கு நம் பைத்துல்மால் எதற்கு? கடனை எழுதி வைக்குமாறு விரிவாகப் போதிக்கும் அல்பகரா அத்தியாயம், அதற்கு இரண்டு வசனங்களுக்கு முன்னர், நெருக்கடியில் உள்ளவருக்கு அவகாசம் தருமாறும் பணிக்கிறது. எழுத்தும் இரக்கமும் அங்கு அடுத்தடுத்து நிற்கின்றன. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்தபோது அவர்களுடைய கவச உடை யூதர் ஒருவரிடம் வாற்கோதுமைக்காக அடகில் இருந்தது என்று ஸஹீஹுல் புகாரி கூறுகிறது. மதம் கடந்து கடன் பெற்ற தூதரின் உம்மத், மதம் கடந்து கடன் தரத் தயங்குவது எங்ஙனம்?

அறியப்படாமையைப் போக்கும் வழியையும் நம் முன்னோர் வகுத்துள்ளனர். அறியப்பட்ட இருவர் ஒருவரிடமிருந்து அறிவித்தால் அவர் இன்னாரென்று தெரியாத நிலை நீங்கும் என்றார் கதீப் பக்தாதி. ஒருவருக்காகச் சான்று சொல்ல வந்தவரிடம் உமர் (ரலி) அவர்கள், நீர் அவருக்கு அண்டை வீட்டாரா, அவரோடு பயணம் செய்தீரா, தீனார் திர்ஹத்தில் கொடுக்கல் வாங்கல் செய்தீரா என்று வினவியதாக ஓர் அறிவிப்பு உண்டு. வங்கி மூன்றாம் வினாவை மட்டும் கேட்கிறது. கணினிக்கு அண்டை வீடும் இல்லை, பயணமும் இல்லை. ஆகவே அதை நாம் குறைகூற மாட்டோம். நமக்கு மூன்றும் உண்டு. இருந்தும் நாம் நகையை மட்டுமே கேட்டோம்.

மலையிலிருந்து திரும்பிய பின் பைத்துல்மால் குழுவில் இரண்டு திருத்தங்களை முன்மொழிந்தோம். அவர்களோடு கொடுக்கல் வாங்கல் உள்ள இரு வணிகர்கள் சான்று கூறினால் நகையின்றியும் சிறு கடன் வழங்கலாம். மறுப்பதாயின் காரணத்தை எழுதித் தர வேண்டும். முதலாவது இன்னும் விவாதத்தில் இருக்கிறது; பணம் மூழ்கிவிடும் என்று அஞ்சுவோரின் அச்சத்தையும் நாம் அலட்சியம் செய்யவில்லை, அது பொதுப்பணம். இரண்டாவது ஏற்கப்பட்டுவிட்டது. முதற் சான்றாளராகக் கையெழுத்திட நம் மாணவர் ஆயத்தமாக இருக்கிறார். கடன் வைத்து இறந்த ஒருவருக்கு நபியவர்கள் (ஸல்) ஜனாஸா தொழுவிக்கத் தயங்கி நின்றபோது, மூன்று தீனார் கடனைத் தாமே ஏற்பதாகக் கூறி முன்வந்த அபூகதாதா (ரலி) அவர்களின் வரலாற்றை அவருக்குப் பாடம் நடத்தியவர் நாமே. இரண்டாம் கையெழுத்து நம்முடையதாக இருக்கும், இன்ஷா அல்லாஹ்.