வழிப்போக்கரும் விருந்தும்

முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, தங்குமிடம் எதுவும் முன்கூட்டி ஏற்பாடு செய்யாமல், ஊர் ஊராக நடந்து செல்லும் இளைஞர்களை இப்பொழுது அடிக்கடி காண்கிறோம். களமருதூரில் என் வீட்டுத் திண்ணைக்கும் அத்தகையோர் சிலர் வந்ததுண்டு. கல்வராயன் மலைக்கு வழி கேட்பார்கள். இந்தப் பழக்கம் மேனாட்டிலிருந்து வந்தது என்பது அவர்கள் எண்ணம். உண்மையில் பைதான் புதிது.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னன் என்னும் தலைவனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு வழி கூறும் நூல். அவனுடைய செங்கண்மா, கல்வராயன் மலைக்கு வடக்கே உள்ள இன்றைய செங்கம். பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய அந்த 583 அடிகளையும் ஒரு பயணக் கையேடாகவே படிக்கலாம். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், புனங்காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எப்படித் தப்புவது, வழுக்கும் பாறையில் எவ்வாறு நடப்பது என்றெல்லாம் அது எச்சரிக்கிறது. எந்த நிலத்தில் எவர் என்ன உணவு தருவர் என்றும் கூறுகிறது. மலைச் சிற்றூரில் தினைச்சோறு. ஆயர் குடியிருப்பில் பால். வயல் சார்ந்த ஊரில் நெற்சோறும் மீனும். நன்னனின் கூத்தர் என்று சொன்னால் போதுமாம், உறவினர் வீடுபோல உள்ளே புகலாமாம். சிபாரிசுக் கடிதத்தின் செல்வாக்கு அன்றைக்கே இருந்தது என்று வகுப்பில் நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

சிபாரிசு இல்லாதவனுக்குத் திண்ணை இருந்தது. வீட்டுக்காரர் உட்கதவைத் தாழிட்டுக்கொள்ளலாம். வந்தவனும் மழைக்கு நனையாமல் படுத்துக்கொள்ளலாம். இருவருக்கும் அச்சமில்லாத நல்ல ஏற்பாடு. ஆயினும் யார் திண்ணையில் யார் அமரலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது என்பதை மறைத்துப் பேசுவது முறையன்று. 1867-ஆம் ஆண்டில் வடலூரில் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலை பசித்தவரைச் சாதி கேளாமல் உண்பித்ததன் பெருமை, இதை நினைத்தால்தான் விளங்கும்.

1962-இல் சதீஷ் குமார், மேனன் என்னும் இரு இளைஞர்கள் அணுகுண்டுக்கு எதிராகத் தில்லியிலிருந்து மாஸ்கோ நோக்கி நடக்கப் புறப்பட்டார்கள். கையில் பணம் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று வினோபா பாவே அறிவுரை கூறினார். பணமுள்ளவன் விடுதிக்குப் போவான். இல்லாதவன் ஒரு வீட்டுக் கதவைத் தட்டியே ஆகவேண்டும். அப்போதுதான் பேச்சுப் பிறக்கும். சிறந்த யோசனைதான். எனினும் தட்டப்படும் கதவு ஏழையின் கதவாயிருந்தால் என்ன செய்வது?

கல்வராயன் மலையில் இக்கேள்விக்கு ஒரு வரலாறும் உண்டு. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழே பேசுபவர்கள். 1976-இல் அரசு எடுத்துக்கொள்ளும்வரை அம்மலை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. மக்கள் வரியும் கொடுத்தார்கள். கூலியின்றி வேலையும் செய்தார்கள். 1986-இல் இளம் ஆசிரியனாக நான் அங்கே நடந்தபோது, வருகிறவன் விருந்தினனா, வசூலுக்கு வந்தவனா என்று முதியவர்கள் சற்றுத் தயங்கியே பார்த்தார்கள். தயக்கம் தீர்ந்ததும் ஒரு வீட்டில் எனக்கு இலை போட்டார்கள். இலையில் நெல்லரிசிச் சோறு. அந்த வீட்டுக் குழந்தைகளின் தட்டிலோ கேழ்வரகுக் களி. “எனக்கும் களியே கொடுங்கள், அம்மா” என்றேன். அந்த அம்மையார் சிரித்துக்கொண்டே இரண்டையும் வைத்தார்.

இப்பொழுது நியாயவிலைக் கடையில் அரிசி கிடைக்கிறது. மலைச்சரிவில் மரவள்ளி விளைகிறது. சாமைச் சோறுதான் அரிதாகிவிட்டது. கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் பேருந்தும் ஏறுகிறது. ஆதலால் நடந்து செல்ல விரும்புவோர்க்கு நான் கூறுவது இவ்வளவே. உலை வைக்கும் முன்பே, பொழுது சாய்வதற்குள் ஊரை அடையுங்கள். முதலில் தண்ணீர் கேளுங்கள். சோற்றைப் பற்றி அவர்களே பேசட்டும். உண்டதற்குக் காசு நீட்டினால் அவர்கள் முகம் வாடும். அந்த வீட்டில் புளியோ தேனோ கடுக்காயோ விற்பதற்கு வைத்திருந்தால், பேரம் பேசாமல் வாங்குங்கள். புறப்படும்போதே பையில் அதற்குச் சிறிது இடம் விட்டுவைப்பது நல்லது; தேன் வாங்க ஒரு புட்டியும் எடுத்துச் செல்லுங்கள்.