திரும்பி வந்தவை புகைப்படங்கள் மட்டுமே!

கூரை இல்லை. கதவு, ஜன்னல் இல்லை. கல் சுவர்கள் மட்டும் நிற்கின்றன. ஆனால் அந்த வீட்டுக்குள் ஒரு தகவல் பலகை இருக்கிறது. அதில் பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். இங்கே யார் வாழ்ந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள் என்று அது சொல்கிறது. பக்கத்து வீட்டிலும் அப்படியே. இந்த ஊரின் பெயர் டைன்ஹாம்.

இங்கிலாந்தின் தென் கடற்கரையை ஒட்டிய டோர்செட் பகுதியில் இருக்கிறது இந்தச் சின்னஞ்சிறு கிராமம். ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தபால் நிலையம், ஒரு ஜமீன் மாளிகை. விவசாயக் கூலிகளும் ஆடு மேய்ப்பவர்களும் மீனவர்களும் வாழ்ந்த ஊர். பெரும்பாலான வீடுகளும் நிலமும் மாளிகையில் இருந்த பாண்ட் குடும்பத்துக்குச் சொந்தம். மற்றவர்கள் வாடகைக்குக் குடியிருந்தவர்கள்.

இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த 1943 நவம்பரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கடிதம் வந்தது. ராணுவப் பயிற்சிக்கு ஊர் தேவைப்படுகிறது, டிசம்பர் 19-க்குள் காலி செய்ய வேண்டும் என்றது அது. பக்கத்திலேயே, லல்வொர்த்தில், டாங்கிப் படையின் பீரங்கிப் பயிற்சிக் களம் இருந்தது. அதை விரிவாக்கத்தான் இந்த ஏற்பாடு. கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள் இருக்கும்போது, சுற்றுவட்டாரத்தையும் சேர்த்துச் சுமார் 225 பேர் மூட்டை முடிச்சுகளோடு கிளம்பினார்கள். சொந்த நிலம் இல்லாதவர்களுக்குக் கிடைத்த நஷ்டஈடு, தோட்டத்தில் விளைந்திருந்த காய்கறிகளுக்கான விலை மட்டும்தான்.

போகும்போது தேவாலயக் கதவில் ஒரு சீட்டு ஒட்டப்பட்டது. போரில் வெல்வதற்காகத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகளை விட்டுக்கொடுத்திருக்கிறோம், தேவாலயத்தையும் வீடுகளையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒருநாள் திரும்பி வருவோம் என்று அதில் எழுதியிருந்தது.

1945-இல் போர் முடிந்தது. மக்கள் காத்திருந்தார்கள். ஆனால் 1948-இல் அரசு அந்த நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்திக்கொண்டது. கேட்பாரற்ற வீடுகள் குண்டுகளாலும் மழையாலும் சிதைந்தன. மாளிகையின் பெரும்பகுதி 1960-களில் இடிக்கப்பட்டது. யாரும் திரும்பிக் குடியேறவே இல்லை.

ஊரை மீட்கக் கோரி 1960-களின் இறுதியில் போராட்டங்கள் நடந்தன. அதன் பிறகு, 1975 முதல், பயிற்சி இல்லாத நாட்களில் பொதுமக்கள் உள்ளே வர அனுமதி கிடைத்தது. பெரும்பாலும் வார இறுதிகளிலும் விடுமுறைகளிலும் இன்றும் திறந்திருக்கிறது. தேவாலயமும் பள்ளிக்கூடமும் இப்போது அருங்காட்சியகங்கள். மாணவர்கள் குறைந்ததால் 1932-லேயே மூடப்பட்ட பள்ளி அது. ஆனாலும் பெஞ்சுகள் வரிசையாக இருக்கின்றன. கோட்டு மாட்டும் கொக்கிகளுக்கு மேலே குழந்தைகளின் பெயர்கள் இருக்கின்றன.

ராணுவம் எடுத்துக்கொண்டதில் ஒரு விநோதமும் உண்டு. சுற்றியுள்ள நிலத்தில் விடுதிகளோ அடுக்குமாடிகளோ வரவில்லை. பூச்சிமருந்து அடிக்கும் நவீன விவசாயமும் வரவில்லை. அதனால் காட்டுச்செடிகளும் பறவைகளும் அங்கே பிழைத்துக்கொண்டன.

மனிதர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வீட்டைவிட்டுக் கிளம்பும் அவசரத்தில் எதை எடுப்பது, எதை விடுவது என்று அவர்கள் எப்படித் தவித்திருப்பார்கள்! அன்றைய முகங்களை இன்று அந்த ஊருக்குத் திருப்பித் தந்திருப்பவை பழைய படங்கள்தான். யார், எந்த வீடு, என்ன வேலை என்ற விவரமும் உடன் இருப்பதால்தான் அவை பேசுகின்றன. பெயர் தெரியாத படம் வெறும் காகிதம்.

உங்கள் வீட்டுப் பீரோவிலும் பழைய ஆல்பம் இருக்கும். பாட்டியோ தாத்தாவோ அருகில் இருக்கும்போதே ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பெயர், ஊர், வருடம் கேட்டு எழுதி வையுங்கள். நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்!